திருப்பிக் கொடுக்காத போசி

1

அம்மா போசியைத் திருப்பிக் கேட்டுவிட்டாள்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது ஒரு சங்கதியாகவே படாது. ஒரு பித்தளைத் தூக்குப்போசி. மூடியும் கைப்பிடியும் உண்டு, இரண்டு படி மாவு பிடிக்கும். கேட்டால் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். அடுத்த வீட்டுக் கதையாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் கதையாகிவிட்டதால், தம்பி வெங்கடேசன் எழுதிய ஏர் லெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுப்பில் ரொட்டி தீயும் வாடை வந்தும் அசையாமல் நின்றேன். அன்றைக்குச் சுட்ட பன் எட்டும் கரி.

தம்பி எழுதியது இவ்வளவுதான்:

"அக்கா, அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருச்சு. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாம்மான்னா வரமாட்டேங்குது. 'பாக்க வேண்டியவ கடல் தாண்டிப் போயி ஒக்காந்துட்டா, இனி எனக்கு என்னாத்துக்குடா கண்ணு'ன்னு கேக்குது. நாள் கடத்துனா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொண்ணு, அந்தப் போசியை ஊர்ப்பக்கம் வர்றவங்க ஆருகிட்டயாச்சும் குடுத்தனுப்பச் சொல்லுச்சு."

கண்ணில் புரை என்றதும் பயந்தது உண்மைதான். ஆனால் என்னை அசையவிடாமல் நிறுத்தியது அந்தக் கடைசி வரி. ஏழு வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஊர் பேரிகையில் பஸ் ஏறும்போது, ஒன்றரை வயசுக் குழந்தையாக இருந்த என் மகள் கௌரியை இடுப்பில் ஏற்றிவிட்டு, ராகி மாவு நிரப்பிய அந்தப் போசியை என் கையில் கொடுத்து அம்மா சொன்னது வேறு.

"இத வேற ஆரு கையிலயும் குடுத்தனுப்பாத ரத்னா. நீயே கொண்டாந்து குடு. வெறும் போசியா கொண்டாந்தியோ, வாசப்படி ஏறவுட மாட்டேன், பாத்துக்க."

எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புகிற வழக்கம் இல்லை. ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், கிண்ணத்தைக் கழுவி நாலு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்போம். இந்த வழக்கத்தை வைத்துத்தான் அம்மா எனக்கு முடிச்சுப் போட்டிருந்தாள். போசி என்னிடம் இருக்கிற வரைக்கும் நான் ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தே தீரவேண்டும். இப்போது யார் கையிலாவது கொடுத்தனுப்பு என்கிறாள். நான் வருவேன் என்கிற நம்பிக்கையை அவள் விட்டுவிட்டாள். வேறு என்ன அர்த்தம்?

2

ஏன் இத்தனை நாள் போகவில்லை என்று கேட்பீர்கள். நானே என்னைக் கேட்டுக்கொள்கிற கேள்விதான்.

என் வீட்டுக்காரருக்கு இங்கே ஜப்பானில், கோபே துறைமுகத்தில், வடநாட்டு ஜவுளி வியாபாரிகளின் கம்பெனியில் குமாஸ்தா வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். முதல் தடவை உடன் வேலை செய்தவருக்கு உடம்பு சரியில்லை. அடுத்த தடவை மேனேஜர் மாறினார். அதற்கடுத்த தடவை எல்லாம் கூடி வந்தது, கௌரிக்கு அம்மை போட்டுவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் விண்ணப்பப் பாரம் நிரப்பியதுதான் மிச்சம். இந்தத் தேசத்தில் நாங்கள் அந்நியர்கள் இல்லையா? போவதற்கு ஒரு பாரம், போனால் திரும்பி வருவதற்கு ஒரு பாரம். அதில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. "குடும்பத்தாரைப் பார்க்க" என்று இவர் சொல்லச் சொல்ல மூன்று தடவை எழுதியிருக்கிறேன். மூன்றும் கெடு முடிந்து கிழிந்தன.

மற்றபடி என் பொழுது ரொட்டியில் போகிறது. சிரிக்காதீர்கள். பேரிகைப் பெண்ணுக்கும் ரொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்றால், அப்பா பெங்களூரில் பட்டாளம் தங்கும் தண்டுப் பகுதியில் ஒரு பேக்கரியில் அடுப்புக்காரர். சனிக்கிழமை ஓசூர் வழியாக பஸ் மாறி வருவார், ஞாயிறு முழுக்கத் தூங்குவார். ரொட்டி சுடுவது எப்படி என்று ஒரு வார்த்தை சொன்னவர் அல்ல. ஆனால் அவர் கொண்டுவரும் உடைசல் ரஸ்க்கை அம்மா காப்பியில் தோய்த்துச் சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த நிமிஷம் கூப்பிட்டால் காது கேட்காது அவளுக்கு.

அப்பா போய்ச் சேர்ந்து வெகு நாள் கழித்து, இங்கே வந்த பிறகுதான், நானாக முட்டி மோதி ரொட்டி சுடப் பழகினேன். இங்கே அரிசிதான் ரேஷன், அமெரிக்கக் கோதுமை மாவு தாராளம். எங்கள் அடுப்பு ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். முன்னால் கதவு, உள்ளே ஒரு தட்டு. கேஸ் அடுப்பின்மேல் தூக்கி வைத்தால் பேக்கரி ரெடி. சூடு எவ்வளவு என்று காட்ட முள் கிடையாது. ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை உள்ளே போட்டு, அது பழுப்பாகிற நேரத்தை வைத்துச் சூடு பார்ப்பேன். இந்த ஊர்க்காரர்கள் பன்னுக்குள்ளே சிவப்புப் பயறை வேகவைத்துச் சர்க்கரை போட்டு மசித்து வைத்திருப்பார்கள். முதல் தடவை கடித்தபோது, 'அட, இது நம்ம ஒப்பட்டுப் போளியோட பூரணம்!' என்று வாய்விட்டே கத்திவிட்டேன். கடைக்காரர் பயந்துபோனார்.

3

அடுத்த வீட்டு மொரிதா-சானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'சான்' என்பது மரியாதைக்கு எல்லாப் பேரின் வாலிலும் ஒட்டிக்கொள்வது. அறுபதை நெருங்கிய விதவை. ஒரே மகன் கென்ஜி யுத்தத்துக்குப் போய்த் திரும்பவில்லை. அவன் போட்டோவை வீட்டிலேயே ஒரு சின்ன மாடத்தில் வைத்து, காலையில் பொங்கிய சோற்றில் முதல் கரண்டியை அவனுக்கு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். நம் வீட்டில் காக்கைக்கு வைக்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் இங்கே தினம்.

நாங்கள் வந்த நாலாவது வருஷம், வசந்த காலத்தில், இறந்தவர்களுக்குப் படைக்கிற வாரம் ஒன்று வந்தது. மொரிதா-சான் ஒரு அரக்குப் பெட்டியில் இனிப்புப் பயறு பூசிய சோற்று உருண்டை ஆறு கொண்டுவந்து கொடுத்தார். எனக்கோ ஒரே சந்தோஷம். பெட்டியை வெறுமையாகத் தருவேனா? அன்று மாலையே பன்னாகச் சுட்டு, மூடி மூடாத அளவுக்குத் திணித்து, மிச்சத்தை என் டப்பாவிலும் போட்டுக் கொடுத்தேன். பெட்டியை வாங்கியபோது அந்த அம்மாளின் முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் என் பன் டப்பா நிறையச் சிவப்புப் பயறு போட்ட சோறு வந்தது. விடுவேனா? நான் ரஸ்க் கொடுத்தேன். அவர் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அனுப்பினார். நான் கேக். அவர் மறுபடி சோறு. "என்னடி இது, ரெண்டு பேரும் சண்டை போடறீங்களா, சீர் செய்யறீங்களா?" என்று இவர் கேலி செய்தார். இரண்டு மாசம் இப்படியே ஓடியது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பெட்டி ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் மொரிதா-சான் கௌரியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கௌரிக்கு அப்போது ஐந்தரை வயசு. என் அரைகுறை ஜப்பான் பேச்சைவிட அவளுடையது பத்து மடங்கு மேல். மொரிதா-சான் குனிந்து குனிந்து ஏதோ சொன்னார். கௌரி பெரிய மனுஷி மாதிரித் திருப்பிச் சொன்னாள்.

"அம்மா, நீ பன்னு குடுக்க வேணாமாம்."

"ஏன், நல்லா இல்லியாமா?"

"நல்லா இருக்காம். ஆனா அவங்க ரேஷன் அரிசி தீந்துடுச்சாம். பெட்டியைத் திருப்பித் தர்றப்ப ஒரு தீப்பெட்டி போட்டா போதுமாம். தீப்பெட்டி இல்லன்னா ரெண்டு காகிதம்."

அப்புறம்தான் விவரம் பிடிபட்டது. இவர்களுக்கும் பெட்டியை வெறுமையாகத் திருப்பக்கூடாது. ஆனால் ஒரு அடையாளம் போட்டால் முடிந்தது. நானோ நம் ஊர்க் கைதாராளத்தைக் காட்டி நிரப்பி நிரப்பிக் கொடுக்க, அதற்குச் சமமாகச் செய்தாக வேண்டுமே என்று அந்த ஒண்டிக்கட்டை மனுஷி தன் சோற்றைக் குறைத்துக்கொண்டு எனக்குப் பெட்டி நிரப்பியிருக்கிறார்! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே மன்னிப்புக் கேட்டேன். கௌரி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்குள் தீப்பெட்டிதான். என் வீட்டில் இப்போது தீப்பெட்டிப் பஞ்சம் கிடையாது.

4

கௌரிக்கு இப்போது எட்டரை வயசு. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு கையையும் கூப்பி, வாங்கிக்கொள்கிறேன் என்று ஜப்பான் பேச்சில் சொன்ன பிறகுதான் தட்டைத் தொடுவாள். நல்ல பழக்கம்தான், குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் மனசு சும்மா இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற ரொட்டி என் ரொட்டியைவிட மெத்தென்று இருக்கிறதாம். வருஷப் பிறப்புக்கு அரிசியை இடித்து உருட்டுகிற மோச்சி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் என்று நான் பயந்து பயந்து விழுங்கும்போது, "அம்மாவுக்குச் சாப்பிடவே தெரியல" என்று சிரிக்கிறாள். கருவாட்டைச் சீவிப் போட்ட சாறு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. எனக்கு அந்த வாடைக்கே தலை வலிக்கும்.

தம்பியின் லெட்டர் வந்த அன்று அவளிடம், பேரிகையில் இருக்கிற அம்மாயிக்குக் கண் தெரியவில்லையாம் என்று சொன்னேன்.

"அவங்களுக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஒன்றரை வருஷம் உன்னைத் தூக்கி வளர்த்தவங்கடி!"

"எனக்குத்தான் அவங்களைத் தெரியாதே" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் எனக்குச் சுரீர் என்றது. கோபத்தில் அவளை அதட்டிவிட்டு, சமையலறைக்குப் போய் அழுதேன். அழுததில் பாதி எனக்காகத்தான்.

5

அந்த மாசமே கப்பல் ஏற இருந்தவர் கணேசன். என் வீட்டுக்காரரின் ஆபீஸ்காரர், சேலத்துப் பக்கம். "குடுங்கக்கா, நானே பேரிகைக்குப் போயி அம்மா கையில குடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அம்மா கேட்டாள், கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நானும் வீம்பாகக் கிளம்பினேன். மூன்று வாரக் கப்பல் பயணத்துக்கு ரஸ்க்தான் தாங்கும். கருப்பு வெல்லமும் எள்ளும் போட்டு ரொட்டி சுட்டு, ஆறவைத்து, துண்டு போட்டு, மறுபடி சுட்டு மொறுமொறுவென்று எடுத்தேன். போசியைத் தேய்க்கப் புளி இல்லை. மொரிதா-சான் கொடுத்திருந்த உப்புப் பிளம் ஊறுகாயின் சிவப்புச் சாற்றை எடுத்துத் தேய்த்தேன். பளபளவென்று வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவரே பின்வாசல் வழியாக வந்தார். தன் ஊறுகாயை நான் பாத்திரத்துக்குப் போட்டுத் தேய்ப்பதைக் கண்டு வாயில் கை வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் ரஸ்க்கைப் போசியில் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எங்கே போகிறது இது?"

"ஊருக்கு. எங்கள் அம்மாவுக்கு. அவங்க போசிதான், திருப்பிக் கேட்டிருக்காங்க."

"யார் கொண்டு போகிறார்?"

"ஆபீஸ்காரர் ஒருத்தர்."

"அவர் உங்கள் அம்மாவுக்கு என்ன வேண்டும்?"

"உறவு ஒன்றும் இல்லை. பார்த்ததுகூட இல்லை."

மொரிதா-சான் போசியின் மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கள் கென்ஜியும் பெட்டியில்தான் வந்தான்" என்றார். "வெள்ளைத் துணி சுற்றிய மரப்பெட்டி. யாரோ ஒருவர் கொண்டுவந்து, தலை குனிந்து, என் கையில் கொடுத்தார். உள்ளே எலும்பு இருக்கிறது, திறக்க வேண்டாம் என்றார்கள். ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. திறந்தேன். அவன் பேர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். வேறு ஒன்றும் இல்லை ரத்னா-சான்."

கையிலிருந்த ரஸ்க்கைக் கீழே வைத்தேன்.

"அதனால்தான் அப்போது நீங்கள் பெட்டி நிறையக் கொடுத்தபோது, ஒரு தீப்பெட்டி மட்டும் போட்டுத் திருப்ப எனக்கு மனசு வரவில்லை" என்றார். "அரிசி தீர்கிற வரைக்கும் பார்த்தேன்." இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். மூடியை என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனார்.

ஏழு வருஷமாக அடுத்த வீட்டில் இருக்கிறேன். மகனைப் பற்றி அவர் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. நான் போசியைப் பார்த்தேன். யாரோ ஒருவர் அம்மாவின் வாசலில் நின்று இதை நீட்டுவார். கண் தெரியாத அம்மா கையால் தடவி வாங்கிக்கொள்வாள். அதோடு முடிந்தது, அவள் எனக்காகக் காத்திருக்க ஒன்றுமே மிச்சம் இருக்காது. சீ, என்ன காரியம் செய்யப் பார்த்தேன்!

அடுக்கிய ரஸ்க் அத்தனையையும் வெளியே எடுத்தேன். மொரிதா-சான் வீட்டிலிருந்து வந்த சதுர பிஸ்கட் தகர டப்பா ஒன்று இருந்தது. அதில் மாற்றினேன். ஒரு காகிதத்தில் இவ்வளவுதான் எழுதினேன்: "அம்மா, போசி வராது. ஆரு கையிலயும் குடுக்க மாட்டேன். நான்தான் கொண்டாருவேன். அதுவரைக்கும் நீ கண்ணை வெச்சுக்க."

ஞாயிற்றுக்கிழமை கணேசன் டப்பாவை வாங்கிப் பார்த்து, "போசின்னு சொன்னீங்களேக்கா?" என்றார்.

"சொன்னேன். இப்ப இல்லன்னு சொல்றேன்" என்றேன். பாவம், அந்த மனுஷர் என்ன செய்வார், டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

6

நாலு மாசம் கழித்து, மழைக்காலத்தில் கணேசன் திரும்பி வந்தார். கையில் அதே தகர டப்பா. தூக்கிக் கொடுக்கும்போதே கனத்தது. திறந்தால் ராகி மாவு! எங்கள் மண்ணின் மாவு. நுனி விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மாவுக்கு மேலே மடித்து வைத்த தம்பியின் லெட்டர்.

"அக்கா, அம்மா டப்பாவைத் தடவிப் பாத்துட்டு, 'என்னாடா இது சதுரமா இருக்குது, எம் போசி எங்க?'ன்னு கேட்டுச்சு. உன் காகிதத்தைப் படிச்சுக் காட்டுனேன். அவ்வளவுதான், ஒரு மணி நேரம் உன்னைத் திட்டித் தீத்துருச்சு. 'எம் பொருளைத் தர மாட்டேங்கறதுக்கு இவ ஆரு'ன்னு. கணேசன் அண்ணன் பயந்துட்டாரு. அப்பறம் காப்பி கேட்டுச்சு. ரஸ்க்கைத் தோய்ச்சுத் தின்னுச்சு. மூணாவது ரஸ்க் எடுக்கறப்ப சொல்லுச்சு: 'ஆஸ்பத்திரிக்கு எப்ப போறோம்? அந்தப் போசியில அவ என்னாத்த வெச்சுக் கொண்டாராள்னு நான் எங் கண்ணால பாக்க வேணாமாடா?' வலது கண்ணு ஆபரேசன் முடிஞ்சுது. கண்ணாடி போட்டிருக்குது. இப்ப வூட்டுல ஒரு தூசி இருக்க முடியல. எல்லாத்துக்கும் திட்டு."

படித்து முடித்ததும் சிரித்தேன், அழுதேன், மறுபடி படித்தேன். பிறகு களி கிண்டினேன். கௌரி உருண்டையைப் பிட்டுப் பார்த்து, "கறுப்பு மோச்சி" என்று பேர் வைத்து, பாதி தின்றாள். மொரிதா-சானுக்கு ஒரு கிண்ணத்தில் அனுப்பினேன். கிண்ணம் தீப்பெட்டியோடு திரும்பி வந்தது. களி பிடித்ததா என்று இன்று வரைக்கும் சொல்லவில்லை. மரியாதைக்காரி.

லீவுக் கடிதம் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் வருகிற கப்பலில் நானும் கௌரியும் போகிறோம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். "தனியாவா?" என்றார். "தனியா இல்ல, போசி கூட இருக்கு" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

நாலாவது தடவையாகப் பாரம் நிரப்பினேன். பயணத்தின் நோக்கம் என்கிற கட்டத்துக்கு வந்ததும் இவர் வழக்கம் போல "குடும்பத்தாரைப் பார்க்க" என்று ஆரம்பித்தார். நான் என் இஷ்டத்துக்கு எழுதினேன்: அம்மாவிடம் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க. "பைத்தியமா உனக்கு? ஆபீசர் சிரிப்பான்" என்றார். சிரிக்கட்டுமே!

நேற்று கௌரியைக் கூட்டிக்கொண்டு, பாரம் வாங்குகிற அரசாங்க ஆபீசுக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நரைத்த தலைக்காரர். பாரத்தை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தார். அந்தக் கட்டத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். சிரிக்கவில்லை.

"பாத்திரத்தில் என்ன வைத்துக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஜப்பான் பேச்செல்லாம் எங்கோ ஓடிப்போய்விட்டது. பக்கத்தில் நின்ற கௌரியின் தோளைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, பாரத்தில் ஓங்கிக் குத்தினார்.